நெஞ்சுப் படத்தில் தைத்த உறை

மின்னூல் வாசிப்பான் வந்த மூன்றாம் நாளே அதன் திரையில் ஒரு கீறல் விழுந்தது. லண்டனில் இருக்கும் என் தங்கை அனுப்பியது. ஒரு பள்ளிக் கொப்பியின் அளவுகூட இல்லை, ஆனால் உள்ளே ஆயிரம் புத்தகம் பிடிக்கும் என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னாள். அதற்கு ஓர் உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் இருக்கும் ஊரில் புழுதி இல்லை. நான் இருக்கும் விசுவமடுவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புழுதிக்கு வராது. படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வரும்போது கைப்பைக்குள் அது வீட்டுத் திறப்புக் கோர்வையோடும் சோற்றுப் பெட்டியோடும் உரசிக்கொண்டு கிடந்தது. கீறலைக் கண்டதும் வந்த கோபம் தங்கையின் மேல் வந்ததா, என் மேலேயே வந்ததா என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார்.

"உம்மடை சிலேட்டிலை இப்பதான் முதல் கோடு விழுந்திருக்கு. இனி ஆனா ஆவன்னா எழுதத் தொடங்கலாம்" என்றார்.

அவருக்கு எல்லாமே பகிடிதான். வீட்டுக்குப் பின்னால் கச்சான் என்னும் நிலக்கடலைத் தோட்டம் செய்கிறார். வெயிலில் நின்று நின்று காய்ந்த மனிதர், வாய் மட்டும் காயவில்லை.

கிளிநொச்சிக் கடைகளில் போன் உறைகள் விதம்விதமாகத் தொங்கின. நான் வாசிப்பானை எடுத்து நீட்டினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். "இது என்ன மொடல் அன்ரி?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டித் திருப்பித் தந்தார்கள். மூன்றாவது கடையில் பொறுமை போய்விட்டது. கை இருக்கிறது, ஊசி இருக்கிறது, நானே தைக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முதல் உறைக்குக் காலண்டர் மட்டையை வைத்துத் தைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழை நாளில் பஸ் யன்னலால் அடித்த தூவானத்தில் மட்டை ஊறி, தேத்தண்ணிக்குள் போட்ட ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீருக்கு அசையாத, பாரமில்லாத, வளைந்தாலும் முறியாத ஒன்று வேண்டியிருந்தது. அது எங்கள் அலுமாரிக்குள் இருந்தது.

சண்டைக்காலத் தடையால் பொருள் வராத காலத்தில் பழகிய கை என்னுடையது. பற்றரியை வெயிலில் காயவைத்து ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். எதையும் எறிய மாட்டோம், ஆனால் எதையும் வெட்டிவிடுவோம். எக்ஸ்றே படம் இங்கே ஆஸ்பத்திரிச் சாமான் மட்டும் அல்ல. தையல்காரர்கள் அதில்தான் கழுத்து அளவு வெட்டி வைத்திருப்பார்கள். கோழிக்கூட்டின் ஓட்டையை அதை வைத்து அடைப்பார்கள். தேடினால் எந்த வீட்டிலும் ஒன்றாவது கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

எங்கள் அலுமாரியில் இருந்தது இவருடைய நெஞ்சுப் படம். சண்டை முடிந்து முகாமில் இருந்த நாட்களில் எடுத்தது. முள்ளந்தண்டை ஒட்டி ஒரு செல் துண்டு, எறிகணைச் சிதறல், இருந்தது. நாங்கள் அதைப் 'பீஸ்' என்போம். எள்ளைவிடச் சற்றுப் பெரிது. எடுக்கப் போனால் கால் போகலாம், விட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்று அன்று சொன்னார்கள். விட்டுவிட்டோம். அதுவும் இவரோடு ஊருக்குத் திரும்பி வந்தது, காணி துப்பரவாக்கியது, கிணறு இறைத்தது. வருடங்கள் போகப் போக அதை ஒரு மச்சத்தைப் போல மறந்துவிட்டோம்.

பழுப்பு உறையிலிருந்து படத்தை உருவியபடி கேட்டேன். "இஞ்சாருங்கோ, இது இனி வேணுமே?"

அவர் கதிரையில் அமர்ந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பீஸ் என்னோடை இருக்கு. பிறகு படம் ஆருக்கு? வெட்டும்."

உண்மையைச் சொன்னால், அவர் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஒரு மூலையையாவது வெட்டியிருப்பேன். அவ்வளவு நல்ல மட்டை அது.

வாசிப்பானைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். முள்ளந்தண்டு நடுவில் நேராக இறங்கியது. அதுவே மடிப்புக் கோடு. அடிமட்டம் வைக்கத் தேவை இருக்கவில்லை. இடப்பக்க விலா எலும்புகள் முன் அட்டைக்கு, வலப்பக்கம் பின் அட்டைக்கு. தோள்பட்டையும் கழுத்தும் உள்ள மேல்துண்டையும் அடித்துண்டையும் ஓரங்களையும் வெட்டி ஒதுக்கினேன். நடுத்துண்டைக் கோட்டோடு மடித்து, இஸ்திரிப் பெட்டியின் அடியால் அழுத்தினேன். விட்டதும் எழும்பி நின்றது. திரும்ப அழுத்தினேன். திரும்ப எழும்பியது. மடிப்பின் இரண்டு பக்கமும் துணியோடு சேர்த்து ஒவ்வொரு வரிசை தைத்தால்தான் அடங்கும் என்று தெரிந்தது.

ஊசி இறங்கவில்லை. குறட்டால் ஊசியைப் பிடித்து, மெழுகுதிரியில் சிவக்கக் காய்ச்சிக் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் 'சுர்' என்று ஒரு சத்தம் வந்தது, மயிர் கருகுவது போல ஒரு மணம். உருகிய ஓரம் தடித்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன வரம்பாய் நின்றது. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து ஓட்டை இருக்கும். எல்லாம் ஒரே இடைவெளி. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரம்தான் துணி வியாபாரி வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டி ஊர் ஊராகப் போவார். கருநீலத் துணியும் இலாஸ்ரிக்கும் அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். விறாந்தையில் குந்தியிருந்து இலாஸ்ரிக்கை அளந்துகொண்டிருந்தவர், என் மடியைப் பார்த்ததும் அளப்பதை நிறுத்தினார்.

"டீச்சர், இது ஆருடை படம்?"

"என்ரை மனிசன்ரைதான்."

"உயிரோடை இருக்கிற மனிசன்ர நெஞ்சில நெருப்பூசி குத்திறீங்களே. பாத்துக் குத்துங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் இலாஸ்ரிக்கைத் தரும்போது கை படத்தில் படாமல் எட்டி வைத்ததைக் கவனித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, அவர் போனபிறகு திரும்பக் கொளுத்தினேன்.

உறை அழகாக வந்தது. வெளியே கருநீலம், உள்ளே பழைய படுக்கை விரிப்பின் மெத்தென்ற துணி, நாலு மூலையிலும் இலாஸ்ரிக், மூட ஒரு பெரிய பொத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். எங்கே வாங்கினது என்று கேட்டபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒதுக்கிய துண்டுகளை இவர் எடுத்துக்கொண்டார். தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்துக்கு நீட்டு நீட்டாக வெட்டி, தோட்டத்தில் தடி நட்டுக் கட்டினார். அந்தப் போகம் மயில்கள் கச்சானைக் கிண்டிக்கொண்டு திரிந்தன. காற்றடிக்கும்போது துண்டுகள் படபடவென்று அடித்தன. மத்தியான வெயில் அவற்றுக்குள்ளால் போகும்போது விலா எலும்புகள் தெரிந்தன. குசினி யன்னலால் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"உதுகளைக் கழட்டுங்கோ. பாக்க வடிவாயில்லை" என்றேன்.

"என்ரை எலும்பைக் கண்டு மயிலே பயப்பிடுது. நீர் ஒராள்தான் இத்தனை வருசமாய்ப் பயப்பிடாமல் இருக்கிறீர்."

அன்று பின்னேரம் தோட்டத்திலிருந்து அவர் ஒரு செருப்போடு வந்தார். வலது காலில் இருந்தது, இடது காலில் இல்லை. படியில் ஏறும்வரை அவருக்கே தெரியவில்லை. நான்தான் கேட்டேன், மற்றச் செருப்பு எங்கே என்று. குனிந்து காலைப் பார்த்தார். யாரோ ஒருவரின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வழமைபோலச் சிரித்தார்.

"மயில் கொண்டு போயிட்டுது போலை."

செருப்பு இரண்டாம் வரம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. நான்தான் போய் எடுத்துவந்தேன். அது கழன்ற இடத்திலிருந்து வீடுவரைக்கும் வெறுங்காலின் தடம் மணலில் இழுபட்டுக் கிடந்தது. நெருஞ்சி முள்ளுள்ள இடம். காலைக் கழுவும்போது பார்த்தால் மூன்று முள் ஏறியிருந்தன. ஒன்றையும் அவர் உணர்ந்திருக்கவில்லை.

வயது, களைப்பு, காலில் இரத்த ஓட்டம் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லவில்லை. இரவில் அவர் படுத்தபிறகு அந்தக் காலை நுள்ளிப் பார்க்க என் கை போகும், நான் அதை இழுத்துக்கொள்வேன். கட்டிலில் சாய்ந்து வாசிப்பானைத் திறந்து வைத்துக்கொள்வேன். எழுத்துகள் ஓடும், ஒன்றும் மண்டைக்குள் போகாது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இவர் வெளியே போய்வந்து, முற்றத்தில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதில் இருந்தபடியே என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். கச்சான் விலையைப் பற்றிய கதை. ஏதோ கருகும் மணம் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும், மெழுகுதிரிக்கு மேலே பிடித்த அதே மணம். அடுப்பில் ஏதோ என்று குசினிக்குள் ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், அவருடைய இடது கெண்டைக்கால் சூடான சைலன்சரோடு ஒட்டியிருந்தது. அவர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.

நான் கத்திய கத்தலுக்குத்தான் அவர் காலை எடுத்தார். தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவருடைய முகத்தில் நோவு இல்லை. அதைக் கண்டதும்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும், அப்படி ஒரு டொக்டர். புதுப் படம் எடுத்தார்கள். அவா அதை வெளிச்சப் பெட்டியில் செருகி, வெகுநேரம் பார்த்தா.

"ஐயா, உங்கடை பீஸ் நரம்புக்குக் கிட்டவாய் நிக்கிது" என்றா. "முந்தியும் இதே இடத்திலைதான் இருந்ததெண்டால் காலுக்கு வேறை காரணம் தேடுவம், மருந்தோடை பாக்கலாம். இடம் மாறி வந்திருக்குதெண்டால் மருந்தோடை நிக்க ஏலாது. ஒப்பரேஷனுக்கு அனுப்பத்தான் வேணும். அது லேசான ஒப்பரேஷனும் இல்லை, சொல்லிப்போட்டன்."

"அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"பழைய படம் இருக்கெல்லோ? ஸ்கான் எடுத்தாலும் இப்ப எங்கை நிக்கிதெண்டுதான் சொல்லும். முந்தி எங்கை நிண்டதெண்டு பழைய படம்தான் சொல்லும்."

முகாமில் தந்த துண்டுச் சீட்டை நீட்டினேன். அதில் 'முள்ளந்தண்டுக்கு அருகில் உலோகத் துண்டு ஒன்று' என்று மட்டும் இருந்தது. எந்த எலும்புக்கு அருகில் என்று இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் என் மடியைப் பார்த்தேன். மடியில் கைப்பை இருந்தது. பைக்குள் வாசிப்பான் இருந்தது. பழைய படத்தின் பாதி அதே அறையில், டொக்டரின் மேசைக்கு இந்தப் பக்கம், என் முழங்காலின் மேல் இருந்தது.

"வீட்டை இருக்கு" என்றேன். "அடுத்த முறை கொண்டு வாறன்."

பொய் இல்லை, உண்மையும் இல்லை.  பஸ் ஏறினோம். பகிடி விடாத அவருக்குப் பக்கத்தில் இருந்து வந்த அந்தப் பயணம் போல நீண்ட பயணம் எனக்கு நினைவில்லை. இடம்பெயர்ந்து நடந்த நாட்களில்கூட அவர் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

வீட்டுக்கு வந்த கையோடு, உடுப்பு மாற்றாமலே தையலை உரிக்கத் தொடங்கினேன். நானே இறுக்கித் தைத்த தையல். ஒவ்வொரு நூலாக பிளேட்டால் அறுத்தேன். துணி கழன்று, படம் வெளியே வந்தது. மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மனிதனின் முதுகை நடுவால் மடித்து, இரண்டு மாதம் பஸ்ஸில் கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

அதுமட்டும் போதாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பீஸ் எந்த எலும்புக் கட்டைக்கு அருகில் என்று அறிய முள்ளந்தண்டைக் கழுத்திலிருந்து எண்ணி வர வேண்டும். கழுத்து தோட்டத்தில் தொங்கியது.

விடிந்ததும் இரண்டு பேரும் தோட்டத்தில் இறங்கினோம். அவர் தடியூன்றி வந்தார். பாதித் துண்டுகள் காற்றில் அறுந்து கொடிகளுக்குள் விழுந்திருந்தன. முதலில் கிடைத்த துண்டில் சேறு அப்பியிருந்தது. வாளித் தண்ணீரில் மெதுவாகத்தான் கழுவினேன். சேற்றோடு கறுப்பும் தோல் மாதிரி உரிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கையில் மிஞ்சியது வெறும் கண்ணாடித் தாள். அதில் எந்த எலும்பும் இல்லை.

"கழுவாதையும்" என்றார். முந்திய நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எத்தினை துண்டு வெட்டினீங்கள்?"

"ஆர் எண்ணினது?"

மயில்கள் வேலியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எலும்புகளைக் கழற்றக் கழற்ற அவை ஒவ்வொரு அடியாகக் கிட்ட வந்தன. எனக்குக் கட்டுக்கடங்காத ஆத்திரம் வந்து மண்ணாங்கட்டியால் எறிந்தேன். அவை பறக்கவில்லை, இரண்டடி தள்ளி நின்றன. கடைசித் தடியில், காய்ந்த சேற்றுக்கு நடுவே, கழுத்தெலும்பும் அதன் கீழே முள்ளந்தண்டின் முதல் கட்டைகளும் கொண்ட துண்டு இருந்தது. சேற்றோடு அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். மேசையில் அதை நடுத்துண்டின் தலைமாட்டில் பொருத்தி, பின்பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டினேன். வெட்டு வாய் இரண்டும் சரியாகச் சேர்ந்தன. நான் நேராகத்தான் வெட்டியிருக்கிறேன்.

அடுத்த கிளினிக் நாளில் அதை மேசையில் வைத்தபோது டொக்டர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தா. முழுக்கதையையும் சொன்னேன். என்னைத் திட்டுவா என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவரைத் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருத்திவிட்டு, ஒட்டுப் போட்ட படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினா.

முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் வெளிச்சப் புள்ளிகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக எரிந்தன. எல்லாம் என் ஊசி ஓட்டைகள். இரும்பும் எக்ஸ்றேயில் வெள்ளையாகத்தான் விழும். பக்கத்தில் இருந்த புதுப் படத்தில் பீஸ் தனியாக, பளிச்சென்று நின்றது. பழைய படத்தில் அது எங்கோ என் தையலுக்குள் ஒளிந்திருந்தது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தா. பேனா நுனியைப் புள்ளி புள்ளியாகக் கொண்டு போனா. கருகலும் மடிப்பு வெடிப்பும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கியிருந்தன.

"அம்மா, இதிலை எது பீஸ், எது உங்கடை ஓட்டை?"

கண்ணால் பார்த்து எனக்கும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் ஓரங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு ஓட்டையும் உருகித் தடித்த வரம்போடு இருக்கும். பீஸ் படத்துக்குள் இருப்பது, அது தட்டுப்படாது. படத்தைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னேன். சுட்டுவிரலை இடப்பக்க வரிசையின் உச்சியில் வைத்து, ஒவ்வொன்றாக இறங்கினேன். சொரசொரப்பு. அடுத்ததும் சொரசொரப்பு. மூன்றாவது, நான்காவது.  கீழேதான் இருக்க வேண்டும், புதுப் படத்தில் நிற்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும், அதுவரை எல்லாம் ஓட்டையாகவே இருக்க வேண்டும் என்று உள்ளூற மன்றாடிக்கொண்டு இறங்கினேன்.

ஒன்பதாவது புள்ளி வழுவழுப்பாக இருந்தது.

திரும்பத் தடவினேன். வழுவழுப்புத்தான். டொக்டர் அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, படத்தைப் புதுப் படத்துக்குப் பக்கத்தில் செருகினா. கழுத்திலிருந்து கட்டைகளை எண்ணினா. பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை. பிறகு இரண்டையும் இன்னொரு முறை எண்ணினா. புதியதில் அது மூன்று கட்டை கீழே நின்றது. அவா கதிரையை இழுத்து இருந்து, கடிதத் தாளை எடுத்தா.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவருடைய குரல் கேட்டது.

"என்ன, நிண்ட இடத்திலைதானே நிக்கிறார்?"

டொக்டர் என்னைப் பார்த்தா. என் விரல் நுனியில் அந்த வழுவழுப்பு இன்னும் இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"இல்லையப்பா" என்றேன். "இறங்கி வந்திட்டுது."

 அவர் குனிந்து, இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.